களர் மண்ணின் பசி

ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும். சுத்திகரித்த கழிவுநீரை வெளியே விடுவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்புகள். பெருக்கிப் பார்த்தால் 210 கிலோவுக்கு மேல் வருகிறது. அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் நான்கு மூட்டை உப்பு, ஓர் ஏக்கருக்கு, ஓர் அங்குல நீரில், சட்டத்தை மீறாமலே. நெல்லுக்கு ஒரு போகத்தில் நாற்பது அங்குலத்துக்குக் குறையாமல் தண்ணீர் தேவைப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, ஆலைகள் நெருங்கிய வல்லம் வடகால் பக்கம் இன்னும் நெல் போடும் ஒருவருடைய வயலுக்கு வரும் நீரில் கால் பங்கு இப்படிப்பட்ட நீராக இருந்தால் போதும், ஒரே போகத்தில் இரண்டு டன் உப்பு இறங்கிவிடும்.

எந்த ஆலை மீதும் குற்றம் சாட்டுவதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. கழிவுநீரை வளாகத்துக்குள்ளேயே மறுசுழற்சி செய்யச் சொல்லும் நிபந்தனைகளும் இருக்கின்றன. ஆனால் எத்தனை சுற்று சுற்றினாலும் உப்பு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் சாலையை ஒட்டிக் காரும் மோட்டார் சைக்கிளும் டயரும் உருவாகின்றன. வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குவதற்காக ரூ.706.50 கோடியில் கட்டப்பட்ட குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் திறந்துவைத்தார். நல்ல காரியம். அத்தனை பேர் குளிக்கவும் துவைக்கவும் சமைக்கவும் ஆகும் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் திறப்பு விழாக்களில் எழுவதில்லை. சலவைத் தூளில் சோடியம், சமையலில் சோடியம். கடின நீரை மென்நீராக்கும் கருவியைக் கழுவ ஊற்றும் கரைசலோ சாப்பாட்டு உப்பேதான். ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் நீரில் உப்பு முன்பைவிட மடங்குகளில் கூடியிருக்கும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது.

உப்பேறிக் கெட்ட களர் நிலத்தின் பெரிய பரப்பு தமிழ்நாட்டில் இந்தப் பக்கம் இல்லை என்பது உண்மை. கர்னாலில் உள்ள மத்திய மண் உப்புத்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் 67 லட்சம் ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டின் பங்கு சுமார் 3.68 லட்சம். அதில் 3.55 லட்சம் ஹெக்டேர் களர், மிச்சம்தான் கடலோர உவர். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியின் பண்ணையே களர் மண்தான். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் அந்த மண்ணில் தேர்ந்தெடுத்து வந்தவை. ஆகவே உப்பு மண்ணைச் சீர்திருத்தும் பாடம் படிக்க வேண்டுமானால் திருச்சிக்குத்தான் போக வேண்டும். அந்தப் பாடத்தை ஒரகடம் சாலைக்குக் கொண்டுவரும்போது சில விஷயங்கள் மாறுகின்றன. அவற்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

உவரையும் களரையும் ஒன்றாகப் பேசுவதில்தான் முதல் கோளாறு. உவர் மண்ணில் உப்பு நீரோடு கரைந்து நிற்கிறது. மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் போகும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் இறங்கிவிடும். களரில் சோடியம் களித்துகளையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். தண்ணீர் விட்டால் கழுவப்படாது, குழையும். துளைகள் அடைபட்டு மேலே சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் மாறும். வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைநீர் பிடித்து, காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றை அசைக்காமல் உள்ளே விடுங்கள். நல்ல மண் உதிர்ந்தாலும் அடியில் தங்கும், மேல் தண்ணீர் தெளிந்தே இருக்கும். களர்க் கட்டியைச் சுற்றி வெளிறிய கலங்கல் ஒன்று கிளம்பி மெல்ல டம்ளர் முழுக்கப் பரவும். மறுநாள் காலையில் பார்த்தாலும் தெளிந்திருக்காது.

இதற்கு மருந்து ஜிப்சம் என்று எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாகக் கரைந்து, வடிகால் இருந்தால் வெளியே போகிறது. பழைய வேதியியல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் அதோடு நிறுத்திக்கொள்வதில்தான் குறை. அலுவலகத்தில் மூட்டைக் கணக்கு எழுதியாகிறது, வயலில் மூட்டை கொட்டியாகிறது, இரண்டு வருடம் பயிர் நிற்கிறது, பிறகு திட்டுத் திட்டாக உப்புப் பூக்கத் தொடங்குகிறது. உத்தரப் பிரதேசத்தில் 1993 முதல் உலக வங்கிக் கடனில் களர்ச் சீர்திருத்தம் பெரிய அளவில் நடந்தது. லட்சக்கணக்கான ஹெக்டேர் விளைச்சலுக்கு வந்தது. அதில் ஒரு பகுதி மீண்டும் களராகத் திரும்பியதையும் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

ஜிப்சம் மண்ணின் துளையைத் திறக்கும். திறந்த துளை மறுபடி மூடாமல் மண்ணைக் குருணையாகக் கட்டி வைப்பது பாக்டீரியா விடும் பசையும் பூஞ்சை இழையும் வேரும். இந்த இரண்டாவது வேலைக்கு நம் திட்டங்களில் போதிய பணமும் இல்லை, அதைப் பார்க்கிற ஆளும் இல்லை.

நுண்ணுயிருக்கு உப்பு என்ன செய்கிறது? வெளியே உப்பு அடர்ந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுபடும். அதைத் தடுக்க செல் தனக்குள் புரோலின், கிளைசின் பீட்டைன், டிரெஹலோஸ் போன்ற கரைபொருள்களைத் தயாரித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். தயாரிக்கக் கரிமமும் நைட்ரஜனும் ஆற்றலும் வேண்டும். களரில் இல்லாததே அதுதான். பயிர் நிற்காத மண்ணில் வேர் இல்லை, சருகு இல்லை. செலவு இரட்டிப்பு, வரவு பூஜ்யம். முதலில் கைவிடுபவை, அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள். அவை உப்புக்கும் காரத்துக்கும் சீக்கிரம் சுருண்டுவிடும் சாதி. அதோடு காரமும் சேர்ந்துகொள்வதால், களர் வயலில் மேலாகத் தூவிய யூரியாவின் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது.  மானியத்தில் வாங்கி வானத்துக்கு அனுப்புகிறோம்.

உப்பின் பிடி எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2007-ல் லோசுபோன், நைட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உலகின் பல சூழல்களிலிருந்து சேர்ந்திருந்த பாக்டீரியா மரபணுத் தரவுகளை ஒப்பிட்டார்கள். எந்த இடத்தில் எந்தக் கூட்டம் வாழும் என்பதை வெப்பமோ கார அமில நிலையோ அல்ல, உப்பே அதிகம் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. அப்படியானால் உப்பு மண்ணில் உயிரை மீட்க முடியாதா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. களர் மண்ணில் நுண்ணுயிர் முடங்கிக் கிடப்பதற்கு உப்பைப் போலவே கரிமப் பஞ்சமும் காரணம் என்று கர்னால் ஆய்வாளர்கள் 1990-களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வாங், தலால், கிரீன் ஆகியோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அதை ஆய்வகத்தில் சோதித்தது. உவரும் களருமான மண்ணில் ஜிப்சத்தைத் தனியாகவும், கரிமப் பொருளைத் தனியாகவும், இரண்டையும் சேர்த்தும் கலந்து, மண் விடும் மூச்சை, அதாவது கரியமில வாயுவை, அளந்தார்கள். கரிமப் பொருள் சேர்ந்த மண்ணில் மூச்சும் நுண்ணுயிர்த் திரளும் சட்டென்று எழுந்தன. உப்பைத் தாங்கப் பழகிய ஒரு கூட்டம் அந்த மண்ணில் உறங்கிக்கொண்டே இருக்கிறது, உணவு கண்டதும் பெருகுகிறது என்பது அவர்களுடைய முடிவு.

களர் மண் செத்த மண் அல்ல, பட்டினி கிடக்கும் மண். சீர்திருத்தத்தை இந்த இடத்திலிருந்து யோசித்தால் கடைக்காரர் நீட்டும் பட்டியல் தலைகீழாகிறது.

தக்கைப்பூண்டை எடுத்துக்கொள்வோம். பசுந்தாள் உரம் என்று சொல்லித் தழைச்சத்துக் கணக்கிலேயே அதை எழுதிவிடுகிறோம். களரில் அதன் முக்கிய வேலை வேறு. நம் களர் நிலங்கள் பலவற்றில் சுக்கான் கல் கிடக்கிறது. ஒரு பிடி மண்ணில் எலுமிச்சை பிழிந்து நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அதாவது சோடியத்தைத் தள்ளத் தேவையான கால்சியம் மண்ணிலேயே இருக்கிறது, ஆனால் காரம் ஏறிய மண்ணில் கரைய மறுக்கிறது. தக்கைப்பூண்டை மடக்கி உழுது தண்ணீர் கட்டினால், அழுகும் தழையைத் தின்னும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விடுகின்றன. மேலே நீர் நிற்பதால் அது எளிதில் வெளியேற முடியாமல் மண் நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் சுக்கானைக் கரைக்கிறது. கரைந்து வந்த கால்சியம் ஜிப்சம் செய்யும் அதே வேலையைச் செய்கிறது. வேர் போன வழியில் தண்ணீர் இறங்குகிறது. மூட்டையில் வராத ஜிப்சத்தை மண்ணுக்குள்ளேயே செய்து கொடுக்கும் ஆட்கள் இவர்கள். கடுங்களரில் இது மட்டும் போதாது. ஜிப்சம் தேவையில் பாதியைப் போட்டு, மிச்சத்தைப் பசுந்தாளிடம் விடுவதுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளின் சாரம்.

காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டங்கள் சொர்ணவாரி, சம்பா, நவரை. உப்புப் பூக்கும் வயலில் சொர்ணவாரியை விட்டுக்கொடுத்துவிட்டு, கோடை மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு தெளிக்கலாம். 45 நாளில், பூ எடுக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகிவிடும், மட்க நாள் பிடிக்கும், டிராக்டர்காரரும் முகம் சுளிப்பார். 2024–25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் முதல்வரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்துக்கு ரூ.206 கோடி ஒதுக்கினார்கள். அதில் 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப் பயிருக்கு ரூ.20 கோடி. நல்ல தொடக்கம். ஆனால் விதை மழைக்கு முன்னால் வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்து சேர வேண்டும். ஜூலை கடைசியில் வரும் விதை, சம்பா நாற்றங்காலுக்குப் போட்டியாகத்தான் வரும்.

மற்றவற்றையும் இதே கண்ணால் பார்க்கலாம். கந்தகம் போட்டால் அதை அமிலமாக்குவதே தயோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாதான். அது வேலை செய்யாத மண்ணில் கந்தகம் மஞ்சள் தூளாகவே கிடக்கும். ஜிப்சத்தைப் போட்டுவிட்டு வடிகாலைத் திறக்காமல் விட்டால் சோடியம் சல்பேட் அங்கேயே நின்று மண்ணின் உப்பைக் கொஞ்ச காலம் கூட்டும், அரைப்பட்டினியில் இருக்கும் நுண்ணுயிர் இன்னும் வாடும். பாஸ்பேட் உர ஆலைக் கழிவாக வரும் ஜிப்சம் மலிவு, ஆனால் ஃபுளோரைடும் சிறிதளவு கனஉலோகமும் அதோடு வரும் என்பதால் சோதித்து வாங்க வேண்டும். சர்க்கரை ஆலைப் பிரஸ்மட் களருக்கு அருமையான தீனி. படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வண்டி வாடகையும் அதிகம் இல்லை. ஆனால் கந்தக முறையில் சாறு வெளுக்கும் ஆலையின் பிரஸ்மட்டா, சுண்ணாம்பு முறை ஆலையினுடையதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகை சுண்ணாம்பு மிகுந்தது, களருக்கு அவ்வளவாக உதவாது. சீமைக் கருவேலத்தை எரித்து உயிர்க்கரி செய்யும் உற்சாகம் இப்போது பரவியிருக்கிறது. அமில மண்ணுக்கு அது நன்மை. விறகுக் கரியின் சாம்பல் காரமானது, கார அமில நிலை ஏற்கெனவே 9-ல் நிற்கும் மண்ணில் அதைப் பார்க்காமல் கொட்டினால் எரிகிற கொள்ளியில் எண்ணெய்தான்.

ஒரகடம் சாலைக்கே உரிய ஒரு சீர்திருத்தப் பொருளும் இருக்கிறது, தொழிற்சாலை உணவுக்கூடங்களின் மிச்சம். ஆயிரக்கணக்கானோர் மூன்று வேளை சாப்பிடும் இடத்தில் சேரும் சோறும் காய்த்தோலும் மண்ணுக்குப் பெரிய கொடை. வளாகத்திலேயே கம்போஸ்ட் செய்து பக்கத்து ஊர்களுக்குக் கொடுக்கிறோம் என்று ஓர் ஆலை நாளைக்கு அறிவித்தால் கைதட்டுவோம். கைதட்டிய பிறகு அந்தக் கம்போஸ்ட்டின் மின்கடத்து திறனைக் கேட்க வேண்டும். சாம்பாரும் ரசமும் ஊறுகாயும் விழுந்த உரம் அது. உணவுக் கழிவு கம்போஸ்ட்டில் உப்பு கூடுதல் என்பது உலகெங்கும் தெரிந்த சங்கதி. தோட்டச் சருகையும் வைக்கோலையும் சரிபாதிக்கு மேல் கலந்து உப்பைக் குறைத்த பிறகுதான் வயலுக்கு விட வேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் உப்பு உப்புதான்.

இனி பாட்டில்களுக்கு வருவோம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தொடங்கிப் பெயர் தெரியாத கலவைகள் வரை உரக்கடை அலமாரி நிரம்பி வழிகிறது. உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. தூள் வடிவில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது விதி. கடையின் தகரக் கூரைக்கு அடியில் மே மாதம் முழுக்க இருந்த பொட்டலத்தில் எத்தனை மிஞ்சும் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் நல்லது. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், நல்ல மண்ணில் வளர்த்த பாக்டீரியாவைப் பட்டினிக் களரில் இறக்குவது அவற்றுக்கு மரண தண்டனை. பஞ்சகவ்யத்துக்கும் ஜீவாமிர்தத்துக்கும் இது பொருந்தும். அவற்றைக் கேலி செய்வதற்கில்லை. தொழு உரமும் தழையும் விழுந்த மண்ணில் அவை பேசும், வெறுங்களரில் ஊமையாகிவிடும். உப்பிலேயே பிறந்து வளர்ந்த நுண்ணுயிரை உப்பு மண்ணுக்குத் தேடிப் போன ஆய்வுகள் வேறு ரகம். பிச்சாவரம் சதுப்பில் உப்பு நீரில் நின்று வளரும் காட்டு நெல்லின் வேரிலிருந்து, உப்பைத் தாங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து, பாஸ்பேட்டையும் கரைக்கும் ஒரு பாக்டீரியாவைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் 2004-ல் அடையாளம் காட்டினார்கள். புதிய பேரினம் என்பதால் சுவாமிநாதானியா என்று பெயரிட்டார்கள். கர்னால் நிறுவனத்தின் லக்னோ நிலையம் களரிலேயே பிடித்த நுண்ணுயிர்களைக் கூட்டிச் சிஎஸ்ஆர்-பயோ என்ற கலவையை விவசாயிகளுக்குக் கொண்டுவந்தது. நம் களருக்கு நம் களரிலிருந்தே பிடித்து வளர்க்கும் இந்த வழியில் திருச்சி மண்ணுக்கும் கடலோர மண்ணுக்கும் தனித்தனிக் கலவை வர வேண்டும்.

உப்பு மண்ணை மீட்ட அனுபவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் சுனாமியோடு கடல் வயலுக்குள் வந்தது. இனி பல ஆண்டுகளுக்கு இங்கே ஒன்றும் விளையாது என்று பேசப்பட்ட நிலங்கள் அவை. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரும் மற்ற இயற்கை விவசாயிகளும் அங்கே போய் நின்றபோது கையில் எடுத்தவை பெரும்பாலும் விலையில்லாத பொருள்கள். கடல் கொண்டுவந்த சேற்றை வழித்தார்கள், வரப்பை உயர்த்தி மழைநீரைக் கட்டினார்கள், தக்கைப்பூண்டு தெளித்தார்கள், தொழு உரமும் தழையும் சேர்த்தார்கள். உப்பைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற பாரம்பரிய நெல்லும் கடலோரத்தில் இருந்தது. 2005 கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து உப்பைக் கழுவிக் கொடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் பல வயல்களில் நெல் நின்றது. வானமும் கைகொடுத்ததைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அது கடல் உப்பு, உவர், கழுவினால் போகும் சாதி என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் மழை வந்தபோது நீர் உள்ளே இறங்கும் நிலையில் அந்த மண்ணை வைத்திருந்தது வேரும் தழையும்தான்.

இதையெல்லாம் அளக்க நம்மிடம் என்ன இருக்கிறது? 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 கட்டங்கள் இருக்கின்றன. கார அமில நிலை, மின்கடத்து திறன், கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான். உயிருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. களருக்கு அடிப்படையான சோடிய விகிதத்துக்கும் இல்லை. நுண்ணுயிர்த் திரளை அளப்பதும் நொதிகளை அளப்பதும் ஆய்வகக் காரியம், செலவு பிடிக்கும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வெளுக்காத பருத்தித் துணியை ஒரே அளவில் கத்தரித்து, எடை போட்டு, நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை போடுவது. உயிருள்ள மண் அதைச் சல்லடையாக்கியிருக்கும். களரில் புதைத்த துணியை உதறிக் கட்டிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் தேயிலைப் பையைப் புதைத்து இதையே ஆயிரக்கணக்கான இடங்களில் செய்கிறார்கள், அதற்கான அளவுமுறை 2013-ல் வெளியானது. ஜிப்சம் மானியம் தரும் ஒவ்வொரு வயலிலும் முன்னும் பின்னும் ஒரு துணியைப் புதைக்க எந்த நிபுணரும் வேண்டாம், வேளாண் கல்லூரி மாணவர்கள் போதும்.

வல்லம் வடகால் பக்கத்தில் இன்னொரு தடை இருக்கிறது, பள்ளம். சாலை உயர்கிறது, ஆலை மனை உயர்கிறது, ஏரி மண் லாரி லாரியாக அந்த மேடுகளுக்குப் போகிறது. நடுவில் மிஞ்சும் வயல் கிண்ணமாகிவிடுகிறது. நீர் வடியாத நிலத்தில் எந்தச் சீர்திருத்தமும் பலிக்காது. தள்ளப்பட்ட சோடியம் போக இடம் இல்லாவிட்டால் மறுபடி களித்துகளிலேயே வந்து ஒட்டும். நீர் தேங்கிக் காற்றில்லாத மண்ணில் பூஞ்சை இழைகள் அற்றுப்போகும். அதே ஏரி வண்டல் வயலுக்கு வந்திருந்தால் கரிமமும் களியும் நுண்ணுயிரும் சேர்ந்த முதல்தரத் தீனி. ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசே அனுமதிக்கிறது, 2024-ல் அந்த அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று எளிதாக்கியும் இருக்கிறார்கள். கழிவுநீர் கலக்கும் ஏரியின் வண்டலை மட்டும் சோதிக்காமல் எடுக்கக் கூடாது. சிப்காட் தன் மழைநீர் வடிகால்களைத் திட்டமிடும்போது எல்லைச் சுவருக்கு வெளியே உள்ள பாசன வடிகாலின் மட்டத்தையும் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கூடவே, கழிவுநீர் வரம்பில் மொத்த உப்பை மட்டும் பார்க்காமல் சோடியத்தின் பங்கையும் மாதாமாதம் அளந்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

இது எட்டாக் கனவு அல்ல, கடமை. பாலாற்றில் மேலே போனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. அங்கே தோல் பதனிடும் ஆலைகளின் உப்பால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற ஆய்வை 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்ட சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. அதே வேலூர்ப் பகுதிக்காக 2025 ஜனவரி 30 அன்று நீதிமன்றம் மறுபடி ஒரு குழு அமைக்க உத்தரவிட நேர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இழப்பீட்டுப் பணம் வந்த வீடுகள் உண்டு, மண் மீளவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு மண்ணே தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குத் தொடர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் தழை போட வேண்டும், வடிகால் வெட்ட வேண்டும், பயிர் நிறுத்த வேண்டும்.

அந்த மூன்று நான்கு ஆண்டுகள்தான் ஒரகடம் சாலையில் யாரிடமும் இல்லை. நிலத்தின் உரிமையாளர் விலைக்காகக் காத்திருக்கிறார். உழுபவர் வாய்மொழிக் குத்தகைக்காரர். அடுத்த வருடம் இந்த வயலில் வேலிக்கல் நட்டிருப்பார்களா என்று தெரியாதவர் ஜிப்சம் கொட்டுவாரா, சொர்ணவாரியை விட்டுவிட்டுத் தக்கைப்பூண்டு தெளிப்பாரா? கொட்ட நினைத்தாலும் மானியத்துக்குச் சிட்டா வேண்டும், அது உரிமையாளர் பெயரில் இருக்கிறது. விற்பதற்காகத் தரிசாகப் போட்ட நிலம் இன்னும் மோசம். கோடையில் கீழிருந்து ஏறும் ஈரம் உப்பை மேலே கொண்டுவந்து விட்டு ஆவியாகிறது, அதைக் கழுவப் பாசனமும் இல்லை, தின்ன வேரும் இல்லை. பக்கத்து வயலுக்கும் அது பரவும்.

ஆகவே சீர்திருத்த உதவியை நிலத்தின் பெயரில் அல்ல, உழுபவரின் பெயரில் கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் யார் பயிரிடுகிறார் என்று உள்ளபடி எழுதினாலே இதற்குப் போதும். உதவி ஒரு தடவை தரும் மூட்டையாக இல்லாமல் மூன்று சம்பாவுக்குத் தொடர வேண்டும். முதல் ஆண்டு ஜிப்சமும் வடிகாலும், மூன்று ஆண்டும் பசுந்தாள் விதையும் மடக்கி உழும் கூலியும். நடுவில் நிலம் கைமாறினால், உழுதவர் மண்ணில் போட்ட செலவை வாங்குபவரிடமிருந்து பத்திரப்பதிவின்போதே பிடித்து அவருக்குக் கொடுக்கலாம். இந்தச் சாலையில் ஒரு சென்ட் போகும் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை பத்திரச் செலவில் ஒரு சில்லறை.